அனுபவம்

ரூவியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தட்டச்சுக் கடை.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு பெயின்ட் வாளி.
ராணுவ மருத்துவமனைக்கு என்றதும்
ஷஃபிகுல் நிமிர்ந்து என் தோளைப் பார்த்தார்,
அங்கே பட்டை ஏதும் இருக்கிறதா என்பதுபோல.

பெயர்: பியூலா அன்னக்கிளி.
கட்டத்துக்குள் கிளி மட்டும் அடங்கவில்லை.
உயரம் நூற்று ஐம்பத்தொன்று.
ரத்தம் ஓ நெகட்டிவ்.
"இது அவங்களுக்குப் பிடிக்கும்" என்றார்.

போர்க்காலத்தில் பணியாற்றச் சம்மதமா?
ஆம் என்றேன்.
அவர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத்தான்
அந்தப் பொத்தானை அழுத்தினார்.

அனுபவம்?

கல்லூரியில் ஒரு ரப்பர் கையில்
நானூறு தடவை நரம்பு தேடியிருக்கிறேன்.
ஒருதடவைகூட அது ஆ என்றதில்லை.
அதையெல்லாம் எழுத இடமில்லை.
காலியாக விட்டால் கணினி வாங்காதாம்;
அவரே ஒரு பூஜ்யம் அடித்தார்.

இரண்டு ரியால் கொடுத்தேன்.
படிவம் சூடாக வந்தது, அரபியில்.
அங்கே பூஜ்யத்துக்கு வட்டம் கிடையாது,
வெறும் புள்ளி.
ஊசி ஏறி இறங்கிய இடம் மாதிரி.

வெளியே வெயிலில்
வாதி கபீர் வண்டிக்கு நிற்கும்போது பார்க்கிறேன்,
கட்டைவிரல்
பஞ்சில்லாமலே
அந்தப் புள்ளியை அழுத்திக்கொண்டிருக்கிறது.
உள்ளுக்குள் யாரோ எண்ணுகிறாள்:
நாற்பத்தொன்று,
நாற்பத்திரண்டு.