படிக்கணக்கு

வல்பராய்சோவில் மெத்தை விற்பது சுலபம்.
கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வியாபாரம்.
துறைமுகத்தை ஒட்டி, கடல்மட்டத்தில் என் கடை.
வாங்குகிறவர்கள் எல்லாம் வானத்தில்.
லாரி பாதி மலைவரை போகும்,
அதற்கப்புறம் எலெயுதேரியோவின் முதுகு.

வெப்சைட்டோ கிலோமீட்டர் பார்த்துக் கூலி போட்டது.
பட்டாம்பூச்சிக் குன்று: ஒன்றரை கிலோமீட்டர்,
இரண்டாயிரம் பெசோ.
எலெயுதேரியோ பில்லைப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்.
"இந்த ஒன்றரை செங்குத்தா நிக்குது, சென்யோரா."

ப்ளகின் எழுத ஆள் தேடினேன்.
ஏழு பேர் வந்தார்கள்.
ஆறு பேர் நாளைக்கே முடித்துத் தருவதாகச் சொன்னார்கள்.
ஒருவன் மட்டும் கேட்டான்:
இறங்குகிற படிக்கும் காசு உண்டா?

தமாஸ் கிக்நாட்ஸே. ஜார்ஜியாவில், குத்தாயிசி.
மணிக்குப் பதினெட்டு டாலர்.
எனக்குக் காலை ஒன்பது, அவனுக்கு மாலை ஐந்து.
அவனுக்கும் பாதி இங்கிலீஷ், எனக்கும் பாதி;
சேர்ந்தால் ஒன்றாகிவிடும் என்று நம்பினோம்.

எந்த வரைபடத்திலும் படிகள் இல்லை என்று எழுதினான்.
இருக்கிற எண்ணைத்தான் நான் கூட்டுவேன்,
இல்லாத எண் உங்கள் பொறுப்பு.

மூன்று வாரம்
எலெயுதேரியோ சாக்பீஸோடு ஏறினான்.
பத்துக்கொரு கோடு.
மழை இரண்டு தெருவை அழித்தது,
மறுபடி ஏறினான்.
உடைந்த படியை அரை என்று போடலாமா, கேட்டேன்.
முழு எண் மட்டும், என்றான் தமாஸ்.
"அப்போ ரெண்டா போடச் சொல்லுங்க" என்றான்
உடைந்த படியில் ஒருமுறை மெத்தையோடு விழுந்தவன்.
தமாஸ் மறுப்பே சொல்லவில்லை.
அதற்கென்று ஒரு சின்னக் கட்டம் வைத்தான், டிக் செய்ய.

ஒரு படிக்கு நூற்றைம்பது பெசோ,
அதில் பாதி தூக்குகிறவனுக்கு.
திங்கட்கிழமை ஓடத் தொடங்கியது.
செவ்வாய்க்கிழமை
நோல்ஃபா கார்கமோ என்றொருத்தி
ஒற்றை மெத்தை ஒன்றைக் கூடையில் போட்டாள்.
இருநூற்றுப் பதினொரு படி.
மெத்தையைவிடக் கூலி கூட.
கூடை அப்படியே நின்றது.
புதன், வியாழன், வெள்ளி.
கடை திறந்ததும் அதைத்தான் பார்த்தேன்.
பல்லைக் குடைவதுபோல, தினமும்.

கணக்கில் பிழையில்லை.
அதை எழுத்துக் கூட்டித் தமாஸுக்குச் சொல்வதற்குள்
காப்பி ஆறிவிட்டது:
நூறு படிக்கு மேல் நிறுத்து,
மிச்சத்தைச் சமதளத்துக்காரர்கள் தலையில் தூவு.

"முடியும். ஒப்பந்தத்தில் இல்லை. இரண்டு மணி நேரம்."
நான் சரி என்பதற்குள் இன்னொரு வரி வந்தது:
"எங்கள் கட்டடத்து லிஃப்ட்டில் காசு போட்டால்தான் ஏறும்.
நான் ஒன்பதாவது மாடி."

பில் வந்தது. முப்பத்தாறு டாலர்.
ஒரு சென்ட் குறைக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.
ஐந்து நட்சத்திரம் கேட்டான், நான்கு கொடுத்தேன்.
குன்றின் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தான்.

அகலச் சாலைக்காரர் ஒருவர் போனில் கத்தினார்:
என் வீட்டுக்கு ஒரு படிகூட இல்லை, எதற்கு எண்பது பெசோ?
அப்போதுதான் இறங்கி வந்திருந்த
எலெயுதேரியோவிடம் போனைக் கொடுத்தேன்.
அவனால் பேச முடியவில்லை. மூச்சுதான் வாங்கினான்.
அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சனிக்கிழமை நோல்ஃபாவின் கூடை காலியானது.
மெத்தை போய்ச் சேர்ந்தது.
திரும்பி வந்தவன் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னான்:
"எண்ணிக்கை தப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு.
வாசல்ல பழப்பெட்டி ஒண்ணு கவுத்துப் போட்டிருக்கா,
நான் ஏற வசதியா."

பழப்பெட்டியைப் படியில் சேர்ப்பதா?
தமாஸிடம் கேட்க வேண்டும்.
அங்கே இப்போது மணி ஐந்து.