முன்னால் போகிறவள்

ராணிப்பேட்டை முத்துக்கடையில்
எங்கள் தெருக்காரர்கள் கத்தினார்கள்:
"நம்ம ஹெப்சிபாதான் ஃபர்ஸ்ட்டு!"
உண்மைதான். அப்போது நான்தான் முதலில்.
முடிய இன்னும் நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர் இருந்தது.

முன்னால் போகிறவளுக்குக்
காற்றை வாங்குவது வேலை.
ஒரு சாண் பின்னால் மார்த்தா,
எஸ்டோனியாக்காரி, ஐம்பத்தோரு கிலோ,
கால்களை இன்னும்
கட்டுப் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

பாலாற்றுப் பாலம்.
ஆற்றில் அன்று ஓடியது காற்றுதான்,
மேற்கிலிருந்து, கரை புரண்டு.
காதுக்குள் மேனேஜர்: இப்போது.
ஆறு பேரும் வலது ஓரத்திலிருந்து
பாதி விரித்த விசிறியாய்ச் சாய்ந்தோம்.
ஏழாவது ஆளுக்கு விசிறியில் இடமில்லை.
இடது கைப்பிடிச் சுவரை உரசியபடி
ஜப்பான்காரிகள் ஒவ்வொருத்தியாய் அறுந்தார்கள்.
சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் நூல்
அறுந்தால் முடிச்சுப் போட வராது.

பள்ளிகொண்டாவுக்கு அப்புறம் நான் தண்ணி லாரி.
காருக்குப் பின்வாங்கி
ஜெர்சிக்குள் ஏழு பாட்டில் திணித்து
கூன் முதுகோடு மறுபடி ஏறிப்போய்
ஆளுக்கொன்று.
சித்திரையில் குடத்தோடு
லாரிக்குப் பின்னால் ஓடியவள்தானே,
இப்போது நானே லாரி.

ஆம்பூரில் தம் உடைத்த வாசனை.
யாரும் பேசவில்லை.
இத்தாலிக்காரி ஒருத்தி மட்டும் மூக்கைத் தூக்கினாள்.

ஏலகிரி. பதினாலு கொண்டை ஊசி வளைவு.
நாலாவதோடு என் கால் தீர வேண்டும், அதுதான் திட்டம்.
தீரவில்லை.
ஏழாவதில் மார்த்தாவின் பின்சக்கரம் வெடித்தது.
கார் இரண்டு வளைவு கீழே.
என்னுடையதைக் கழற்றி மாட்டி
இடுப்பில் கைவைத்துத் தள்ளிவிட்டேன்.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் திட்டியிருப்பேன்.

ஒற்றைச் சக்கரத்தோடு நின்றேன்.
பலாச்சுளை விற்பவர் கேட்டார்:
"யாரும்மா ஜெயிச்சது?"
காதுக்குள் மேனேஜர், தொண்டை கம்மி:
நாலாவது. நாலாவது.
"இன்னும் தெரியலண்ணா" என்றேன்.
ஒரு சுளை நீட்டினார், காசு வாங்கவில்லை.
பிசின் கையுறையில் ஒட்டிக்கொண்டது.

நாலாம் பரிசை ஆறாய் வகுத்தால்
ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே
கீழ் வளைவில் கடைசிக் கும்பல்.
பின்தங்கியவர்களை அள்ளும் வண்டி
அவர்கள் குதிகாலில் உறுமியது.
ஜப்பான்காரிகள்.
பாலத்தில் நாங்கள் அறுத்துவிட்டவர்கள்.

என்னைக் கடக்கையில் ஒருத்தி
சக்கரமில்லாத இடத்தைப் பார்த்தாள்,
தன் பாட்டிலை என் பக்கம் வீசினாள்.

பாதி இருந்தது.