யாரும் பார்க்காத பக்கம்

ஓஸ்த்ராவாவில் மைனஸ் பதினொன்று.
சுரங்க அலுவலகத்தை மூடியபோது
எடைக்குப் போட்ட கணினி இது.
இருபத்திரண்டு கிலோ.
பக்கவாட்டில் இன்னும் 'அறை 14' என்ற ஒட்டு.

த்ரஹோமீரா புது கிராபிக்ஸ் கார்டைச் செருகினாள்.
படம் வந்தது,
திக்கித் திணறி.
பதினாறு ஜிபி கிணற்றைப்
பழைய பலகை
டீக்கரண்டியால் இறைத்துக்கொண்டிருந்தது.

வாயை அகலத் திறக்கச் சொல்லும் வரி
மெனுவில் இல்லை.
மூன்று முறை தேடினாள். இல்லை.

எட்டுக்கால் சிப்பில் கவ்வி மாட்டி
ஃபர்ம்வேரை உறிஞ்சி எடுத்தாள்.
நகல் ஒன்று பென் டிரைவில்,
இன்னொன்று, பயத்தில், தம்பியின் மின்னஞ்சலுக்கு.

இரவு இரண்டு மணிக்கு அகப்பட்டது.
அந்த வரி இருந்தது.
தலைப்பு இருந்தது, ஆம் இல்லை இருந்தது,
உதவிக் குறிப்புகூட எழுதி வைத்திருந்தார்கள்:
'பெரிய அட்டைகளுக்கு இதை இயகவும்.'

ஒரு க் குறைந்திருந்தது.
எவரோ ஒரு மாலை, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில்
எழுதியிருக்க வேண்டும்;
மறுநாள் வேறெவரோ
பக்கத்தையே பூட்டியிருக்க வேண்டும்.

பூஜ்யத்தை ஒன்றாக்கினாள்.

திரை கறுப்பு.
கடைசி டிராம் பணிமனைக்குத் திரும்பியது.
கறுப்புதான்.
செத்துப்போச்சு என்று
காலுறையைக் கழற்றப் போனவளின் முதுகுக்குப் பின்னால்
ஒற்றை பீப்.

கார்டு முழுசாகத் தெரிந்தது.
சோதித்துப் பார்க்கவில்லை அவள், உடனே.
மெனுவுக்குள் போனாள்.
வலப்பக்கம் அந்தக் குறிப்பு
பதின்மூன்று வருஷம் கழித்து முதல்முறையாக
ஒளியில் நின்றது.
'இயகவும்' என்று
எழுதியபடியே வாசித்தாள், சத்தமாக.

கீழ்வீட்டு போர்ஷெக்
விசிறிச் சத்தத்துக்குக் குழாயைத் தட்டினான்.