வரை

சைதாப்பேட்டை கோர்ட்டு வாசலில்
ஜெராக்ஸ் கடை நிழல் ஓர் ஆள் அகலம்.
பாதியை எனக்கு விட்டு
உட்கார்ந்திருந்தாள் ஜெபக்கனி.
மகன் மேல் திருட்டுக் கேஸ்.
ஒரு தண்ணீர் மோட்டார், பழசு.

பிரிவு முந்நூற்று மூன்று, உட்பிரிவு இரண்டு.
படித்தேன்:
மூன்றாண்டு வரை நீட்டிக்கப்படக்கூடிய சிறைத்தண்டனை,
அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

'நீட்டிக்கப்படக்கூடிய'வை
நாலு விதமாக உடைத்துப் பார்த்தேன்.
கையமர்த்தினாள்.

"வரைன்னா...
தாம்பரம் வரைக்கும் போற பஸ்ஸு.
குரோம்பேட்டைலயே எறங்கிக்கலாம். அதானே?"

அதேதான்.
ஐந்து வருஷம் சட்டம் படித்தவன்
கட்டின் ஓரத்தில் அந்த பஸ்ஸை எழுதிக்கொண்டேன்.

மோட்டார் ஐயாயிரம் பெறாது என்று காட்டினால்,
இதுதான் முதல் தடவை என்றால்,
பொருளைத் திருப்பித் தந்துவிட்டால்
ஜெயில் கிடையாது அம்மா,
சமூக சேவைதான் தண்டனை என்றேன்.

"அப்படின்னா?"

கூலியில்லாத பொது வேலை.
ரோடு கூட்டச் சொல்லலாம்.

கார்ப்பரேஷன் பச்சைக் கோட்டை
மடியில் மடித்து வைத்திருந்தாள்.
"பதினோரு வருசமா அதத்தான் செய்றேன்.
நாலு மாசமா சம்பளமும் இல்ல.
நான் என்னத்த திருடினேன்?"

சட்டப் புத்தகத்தை மூடவும் இல்லை,
பக்கம் புரட்டவும் இல்லை.

உள்ளேயிருந்து டவாலி
மகன் பேரைத் தப்பாகக் கூப்பிட்டான்.
அதற்கும் எழுந்து ஓடினாள்.