பதினான்கு விநாடிகள்

ஸ்கார்பெக் நகர மன்றத்தில்
ஒன்பது கவுன்சிலர்கள், சூடேறாத ஒரு ஹீட்டர்,
கூரை நிறையக் கடற்காகங்கள்.
அந்த ஒன்பது பேரின் நடத்தை மேல் வரும் புகாரெல்லாம்
மாவட்ட அலுவலகத்தில் என் மேசைக்கு வரும்.

ஒருவர் தன் வேலிச் செடியைப் பற்றியே
பதினோரு முறை எழுதிவிட்டார்.
கடைத்தெருவில் கவுன்சிலர் தனக்குக்
கைகாட்டவில்லை என்கிறார் ஓர் அம்மாள்.
மதுக்கடையில் வைத்துத் திட்டினாராம் இன்னொருவர்:
அந்த நேரம் அவர் கவுன்சிலரா, வெறும் குடிகாரரா?
விதிப்புத்தகத்தில் இதற்கு இரண்டு பக்கம்.
பெரும்பாலும் ‘மேல்நடவடிக்கை தேவையில்லை’.
அந்த வரி தானாக விழும்படி
விசைப்பலகையில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன்.

பதினேழாம் எண் அப்படியில்லை.
லோரெய்ன் ஹெப்டன், மன்றத்தின் குமாஸ்தா,
வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரச் சம்பளம்.
காய்கறிப் பாத்திகளுக்குக் குழாய் போட்ட கணக்கை
மார்ச் மாதக் கூட்டத்தில் வாசித்தார்.
நாற்பது பவுண்டு உதைத்தது.
கவுன்சிலர் ரோலண்ட் பிக்கர்ஸ்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்:
‘யாராவது இந்தம்மாவுக்கு விரல்விட்டு எண்ணச் சொல்லிக்கொடுங்கள்.
ஷூவையும் கழற்றினால் இருபது வரை போகலாம்.’

நரம்பில்லாத நாக்கு என்பார்கள்.
இதற்கு நரம்பு இல்லை,
மூன்று தேர்தல் வெற்றி இருந்தது.

ஒலிப்பதிவு பதினான்கு விநாடி.
அவர் பேச்சுக்கு ஆறு போக
மிச்சமெல்லாம் சிரிப்பு.
யார், எங்கே, எப்போது, எந்தப் பிரிவு என்று
படிவத்தில் கட்டம் கட்டமாக இருக்கிறது.
சிரித்தவர்களை எழுத ஒரு கட்டமும் இல்லை.

காதில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன்.
தலைவருடையது, இருமலோடு.
பொருளாளருடையது, மூக்கு வழியாக.
கடைசியில், கதவுப் பக்கமிருந்து,
குட்டையாக ஒன்று, சட்டென்று நிறுத்தியது.

அன்று மாலை நானும் அங்கே போயிருந்தேன்,
புதிய நடத்தை விதிகளின் பிரதியை
ஆளுக்கொன்று கொடுக்க.
நின்றது கதவுப் பக்கம்.
இருமலாக இருக்கும் என்றேன்.
இன்னொரு முறை போட்டேன்.
இருமல் இல்லை.

பக்கத்து மாவட்டத்துக்குக் கோப்பை அனுப்பினேன்,
எனக்கு இதில் தொடர்புண்டு என்ற குறிப்போடு.
ஓவன் கார்சைட் தொலைபேசியில் சொன்னான்:
‘நீ தேர்தலில் நின்றவள் இல்லை,
உன் மேல் விதி பாயாது.’
ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னான்.

செப்டம்பரில் தீர்ப்பு: விதிமீறல், சந்தேகமில்லை.
பதவியைப் பறிக்க முடியாது.
ஒரு கூட்டத்துக்குக்கூட வெளியே உட்கார வைக்க முடியாது.
கண்டிக்கலாம், வகுப்புக்கு அனுப்பலாம்,
மன்னிப்புக் கேட்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

கேட்டுக்கொண்டதில் வந்தது:
‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.’
ஓவன் அந்த ‘ஆல்’ மேல் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பினான்.
இரண்டாவது:
‘புண்பட்டதாகச் சொல்கிறீர்கள், வருந்துகிறேன்.’
மூன்றாவது வரவில்லை.
பிக்கர்ஸ் இப்போது பூங்காக் குழுவின் தலைவர்.

நான் எழுதிய மன்னிப்புக்குக் கோப்பு எண் கிடையாது.
கையால், இரண்டு பக்கம், மூன்று அடித்தல்.
ஒரு வாரம் கழித்து லோரெய்னிடமிருந்து பதில்:

‘நாற்பது பவுண்டு என் தவறு இல்லை.
ரசீதின் பின்பக்கத்தை யாரும் திருப்பவில்லை.
நகல் இணைத்திருக்கிறேன்.
கதவுப் பக்கம் சிரித்தது நீங்கள் என்று
அன்றைக்கே தெரியும்.
புகாரில் எழுதவில்லை.
விசாரிக்க ஓர் ஆள் வேண்டுமே.’

ரசீதைத் திருப்பிப் பார்த்தேன்.
வால்வு இரண்டு, இருபது இருபதாக.

வேலிச் செடிக்காரரின் பன்னிரண்டாவது கடிதம் வந்திருக்கிறது.
இன்னும் பிரிக்கவில்லை.