இரண்டு றப்பர் போதும்

பெலிசியன்,
கடைக்குள் போனதும் அவன் கேட்பான்:
எத்தனை மீற்றர் பாய வேணும்?
பதில் சொல்லாதே.
மாதகல் கடல் இந்தக் கிழமை
எவ்வளவு தெளிவு என்று என்னைக் கேள்.
மாசி பிறந்தும் வாடை விடவில்லை.
நீட்டிய கைக்கு அப்பால் ஒரு பாய் நீளம்,
அதற்குப் பிறகு பால் விட்ட தேத்தண்ணி.
கண் போகாத இடத்துக்குக்
கம்பி போய் என்ன செய்ய?

பதினாறு மில்லி றப்பரில் இரண்டு.
மூன்றாவதைச் சும்மா தந்தாலும் வேண்டாம்.

போன வருசம் என்னிடம் மூன்று இருந்தது.
கம்பி ஆறரை மில்லி.
மெல்லிசு, வேகம் என்று
நானே தெரிந்தெடுத்தது.
விசையைத் தட்டினேன்.
ஈர்க்கு மாதிரி உதறிக்கொண்டு போனது கம்பி.
கலவாய் பதறவில்லை.
என்னைப் பார்த்தது. பிறகு
கடன்காரனைக் கண்ட வீட்டுக்காரன் போல
இடப்பக்கப் பொந்துக்குள் திரும்பியது.
கம்பி பாரில் குத்தி வளைந்து நின்றது.
மேலே வந்து மூச்செடுக்கிறேன்,
வள்ளத்தில் இருந்து றெஜினோல்ட் கேட்கிறான்:
"ஆருக்கடா வெடி வைச்சனீ?"

ஏழு மில்லி எடு. பாரம் வேணும்.
பாரமில்லாத கம்பிக்குப் பலத்தைக் கொடுத்தால்
அவ்வளவையும் நடுங்கியே செலவழிக்கும்.
(எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு, அதை விடு.)

கடைக் கண்ணாடிப் பெட்டிமேல் கம்பியை உருட்டு.
கரம்போட் இருந்தால் இன்னும் நல்லது.
அடியில் வெளிச்சம்
திறந்து திறந்து மூடினால் வைத்துவிடு,
அடுத்ததை உருட்டு.
அவன் முகத்தைப் பார்க்காதே.

றப்பரை நகத்தால் அமுக்கு.
தழும்பு உடனே மறைய வேணும்.
யன்னலில் வெயில் குடித்துத் தொங்குவது வேண்டாம்,
உள்ளே மாப்பூசிக் கிடக்கிற சுருளில்
வெட்டித் தரச் சொல்.
ஒரு சாண் மூன்று சாணாக இழுபட்டால் காணும்.
அதற்கு மேல் ஆசைப்படாதே.
நெஞ்சில் பிடியை ஊன்றிக்
கவையை வெட்டில் கொழுவப் போவது நீயல்ல,
வலத் தோள் போன நான்,
அதுவும் அலை
தூக்கித் தூக்கிப் போடுகையில்.

இன்னொன்று.
ரெலிபோனில் துவக்கு என்று சொல்லாதே.
வீட்டில் அதற்கு வில்லு என்றுதான் பெயர்.
மற்றச் சொல் காதில் விழுந்தால்
அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து
வாசலில் நிற்பா.
ஒன்றும் கேட்கமாட்டா.

தங்கூசி இங்கே இருக்கு.
நாக்குத் தகட்டைச்
சுன்னாகத்து லேத்துக்காரன் பொருத்துவான்,
போன முறைக் காசு
இன்னும் கொடுக்கவில்லை, என்றாலும்.

வளைந்த கம்பியை எறியவில்லை.
அறை வாசல் திரை அதில்தான் தொங்குது.
எவ்வளவு இழுத்து விட்டாலும்
இடப்பக்கம்தான் வழுகிப் போகும்.
மத்தியானச் சோற்றுக்குப் பிறகு
படுத்துக்கொண்டு அதைப் பார்ப்பேன்.

அந்தப் பொந்து எனக்குத் தெரியும்.

ஏழு மில்லி.
கடைக்காரன் எட்டைக் காட்டுவான்.