முப்பது சுற்றுக் குறைவு

மூக்கையூர் விலக்கில்
'சாயல்குடி 9' என்ற கல்லில் தொடங்கி
'சாயல்குடி 6' வரை
மூவாயிரம் மீட்டர்.

பள்ளியில் மைதானம் உண்டு.
மழைக்கு அது கண்மாய்,
வெயிலுக்கு ஆட்டுக்கிடை.
அதனால் இந்தச் சாலை.

நாலே முக்காலுக்குப் புறப்படுவேன்.
கரிமூட்டப் புகை
கருவேலங்காட்டின் மேல் படுத்திருக்கும்,
எழுந்திருக்க மனமில்லாத பிள்ளைபோல.
கச்சான் மாதங்களில்
போகும்போது காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்,
வரும்போது முதுகில் தட்டிக்கொடுக்கும்.
இரண்டையும் நான் நம்புவதில்லை.

இடது காலணியின் அடி பிளந்தபோது
படகில் ஓட்டை அடைக்கும் பசையால்
செல்வின் அண்ணன் ஒட்டிக்கொடுத்தான்.
"கடலுக்குத் தாங்குறது ரோட்டுக்குத் தாங்காதா?"
தாங்கியது.
ஆனால் அந்தக் கால் மட்டும் கட்டைபோல் தட்டும்.
டப், சர், டப், சர்.
தூரத்திலேயே அந்தச் சத்தம் கேட்டு
நாய்கள் குரைப்பதை விட்டுவிட்டன.

வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஒரு எண்: 10:30.
போன வருடம் மாநிலப் போட்டியில்
மூன்றாவதாக வந்தவளின் நேரம்.
அவள் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை.
பெயர் இருந்தால் முகம் வரும்.
முகம் வந்தால் பிடித்துப்போகும்.

சுலைகா சைக்கிளில் கூட வருவாள்.
ஒரு கையில் ஹேண்டில்பார்,
மறு கையில் கீறல் விழுந்த கைபேசி.
ஒவ்வொரு கல்லிலும் நேரத்தைக் கத்துவாள்.

ஆவணியில் ஒரு விடியல்
10:31.

ஒரு வினாடி!
உப்பு லாரிக்கு ஒதுங்கும் நேரம்கூட இல்லை.
அன்று முழுக்க
வகுப்பில் யார் எது கேட்டாலும் சிரித்தேன்.

சுலைகாதான் கேட்டாள்,
"கடைசிக் கிலோமீட்டர்ல மட்டும்
எப்படிடி இப்படிப் பாயிறே?"
சந்தேகப்பட்டு இல்லை, ஆசையாகத்தான்.
எனக்குச் சுருக்கென்றது.
அங்கேதான் எனக்குக் கால் கனக்கும்.
அங்கேதான் பனைகள் நகராமல் நிற்கும்.

சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டி
உருட்டிக்கொண்டே எண்ணினோம்.
ஒன்பதிலிருந்து எட்டுக்கு நானூற்று எண்பது சுற்று.
எட்டிலிருந்து ஏழுக்கு நானூற்று எண்பது.
ஏழிலிருந்து ஆறுக்கு
நானூற்று ஐம்பது.
மறுபடி எண்ணினோம்.
சுலைகா வாய்விட்டு, நான் மனசுக்குள்.
நானூற்று ஐம்பது.

பாலத்தை அகலப்படுத்தியபோது
யாரோ பிடுங்கி
இந்தப் பக்கம் நட்டிருக்கிறார்கள்.
அறுபத்திரண்டு மீட்டர்.
பஸ்ஸில் போகிறவருக்கு அது ஒரு கொட்டாவி.
எனக்குப் பதிமூன்று வினாடி.

நான் பாய்ந்ததாக நினைத்திருந்தேன்.
கல்தான் என்னைப் பார்த்து நடந்து வந்திருக்கிறது.

அழவில்லை என்று எழுத ஆசை.
கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.
முதல் பஸ் போனது.
இரண்டாவதும் போனது.
சுலைகா மட்டும் ஸ்டாண்டை எடுக்கவும் போடவுமாக
நின்றுகொண்டிருந்தாள்.
பிறகு இறங்கி
மீதி முப்பது சுற்றை உருட்டினோம்.
அங்கே ஒரு உடைமரம் நின்றது.
துணியை அவிழ்த்து அதில் கட்டினோம்.

மறுநாள் கல்லருகே
உடம்பு பழக்கத்தில் நின்றுவிடப் பார்த்தது,
தொழுவைக் கண்ட மாடுபோல.
மூக்கணாங்கயிறு பிடித்து
முள்மரம் வரை இழுத்துப் போனேன்.
10:47.

நோட்டில் 10:31ஐ அடிக்கவில்லை.
பக்கத்தில் எழுதிவைத்தேன்:
'கல்லின் நேரம்.'
அதற்குக் கீழே என்னுடையவை.
10:44. 10:44.
காய்ச்சல். காய்ச்சல்.
10:52.
10:41.

துணி வெளுத்துவிட்டது.
காற்று வாடைக்குத் திரும்பிவிட்டது.
நேற்று மரத்தைத் தொட்டபிறகுதான்
நினைவு வந்தது,
கல்லைத் தாண்டியதைக் கவனிக்கவே இல்லை.

பின்னால் சுலைகா கத்தினாள்,
"பத்து முப்பத்தி..."

திரும்பச் சொல் என்று கேட்க
மூச்சு இல்லை.